உங்களுக்கும் ஒரு தாள் கேட்டு வாங்குங்கள்

கலாசார மையங்களில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் குடும்பக் கலை நிகழ்ச்சிகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார். இவர் ஒரு கலாசார மையத்தில் ஞாயிறு நிகழ்ச்சிகளை நடத்தி வருகிறார்.

கேள்வி: டீச்சர், எங்கள் பகுதியில் உள்ள மையத்தில் ஞாயிறுதோறும் குடும்பத்தோடு வந்து வரையலாம், செய்யலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். நாலு வயது மகளையும் ஒன்பது வயது மகனையும் கூட்டிக்கொண்டு போகிறேன். சின்னவள் பத்தே நிமிஷத்தில் எழுந்து ஓடிவிடுகிறாள். பெரியவன் "எனக்கு வரைய வராது" என்று தாளைத் தொடவே மாட்டேன் என்கிறான். நான் இருவர் பின்னாலும் மாறி மாறி நிற்கிறேன். இதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாமோ என்று தோன்றுகிறது.

பதில்: வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள் அம்மா. "பின்னால் நிற்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அடுத்த ஞாயிறு உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக உங்களுக்கென்று ஒரு தாளும் ஒரு பென்சிலும் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளின் தாளில் கை வைக்காதீர்கள். உங்கள் தாளில் வரையுங்கள். கைப்பையை மடியிலிருந்து இறக்கி ஓரமாக வைத்துவிட்டு, தரையில் என்றால் தரையிலேயே உட்காருங்கள்.

முதலில் சின்னவள். நாலு வயதில் பத்து நிமிஷம் ஒரு வேலையில் இருப்பது குறைவே இல்லை. அவள் எழுந்து ஓடுவதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். ஒரு சுற்று சுற்றிவிட்டு, அம்மா இன்னும் அதே இடத்தில் உட்கார்ந்து ஏதோ செய்துகொண்டிருப்பதைப் பார்த்தால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடுவாள். நீங்கள் அவளைத் துரத்திக்கொண்டு போனால், அவள் திரும்பி வர அங்கே ஆள் இல்லாமல் போய்விடும். (கதவு மூடியிருக்கிறதா, கண் எட்டும் தூரத்தில் இருக்கிறாளா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.)

அவள் வரைந்ததைக் கவனித்துப் பாருங்கள். ஒரு வட்டம், அதற்குள் இரண்டு புள்ளி, வட்டத்தின் அடியிலிருந்தே நேராக இரண்டு கோடு. உடம்பே கிடையாது, கால்கள் தலையிலிருந்தே இறங்கும். கை இருந்தால் அதுவும் காது இருக்க வேண்டிய இடத்திலிருந்துதான் கிளம்பும். உலகின் பல மூலைகளிலும் பிள்ளைகள் ஏறக்குறைய மூன்று, நாலு வயதில் மனிதனை இப்படித்தான் வரைகிறார்கள். யாரும் சொல்லிக்கொடுத்து வருவதல்ல இது. "வயிறு எங்கே?" என்று கேட்டுத் திருத்தாதீர்கள், சில மாதங்களில் அதுவே வந்து சேரும். "இது என்ன?" என்றும் கேட்க வேண்டாம். அந்தக் கேள்வி வந்தவுடன் பிள்ளை ஏதோ ஒரு பதிலைக் கண்டுபிடித்தாக வேண்டியிருக்கிறது. "இந்தக் கோட்டை எவ்வளவு அழுத்திப் போட்டிருக்கிறாய், தாளின் பின்பக்கம் வரை தெரிகிறது" என்று கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள். அவள் மிச்சத்தைத் தானாகச் சொல்வாள்.

பெரியவன் விஷயத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஒன்பது, பத்து வயதில் பிள்ளைகளுக்குக் கண் முன்னே ஓடிவிடும், கை பின்தங்கி நிற்கும். குதிரை எப்படி இருக்கும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தான் வரைந்தது குதிரை மாதிரி இல்லை என்பதும் தெரிகிறது. ஐந்து வயதில் இந்த இரண்டாவது விஷயம் உறைக்காது. பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சியைப் படிநிலைகளாகப் பிரித்து எழுதிய விக்டர் லோவன்ஃபெல்டு, ஒன்பது வயதை ஒட்டித் தொடங்கும் இந்தப் பருவத்தைத் தனியாகவே குறித்திருக்கிறார். நிறையப் பேர் பென்சிலைக் கீழே வைப்பது இந்த வயதில்தான். "எனக்கு வரைய வராது" என்று என்னிடம் சொல்லும் பெரியவர்களிடம் எப்போதிலிருந்து என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இந்த வயதுப் பள்ளி நாளைத்தான் சொல்வார்கள். அதனால் உங்கள் மகனிடம் "நன்றாகத்தானே வரைகிறாய்" என்று பொய் சொல்ல வேண்டாம். அவன் நம்பமாட்டான், உங்கள் பாராட்டின் மேலுள்ள மதிப்பும் போய்விடும்.

அவனும் நீங்களும் எதிரெதிரே உட்காருங்கள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் வரைய வேண்டும். நிபந்தனை இரண்டு: தாளைப் பார்க்கக் கூடாது, பேனாவைத் தூக்கக் கூடாது. கண் காதோரத்திலிருந்து மெதுவாக நகரும்போது பேனாவும் அதே வேகத்தில் நகர வேண்டும். முடிந்ததும் பார்த்தால் மூக்கு கன்னத்துக்கு வெளியே கிடக்கும், ஒரு கண் நெற்றியில் இருக்கும். உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும். 'சரியாக வர வேண்டும்' என்ற பயத்துக்கு இதில் இடமே கிடையாது. ஆனால் அந்தக் கோணல் கோடுகளுக்கு நடுவே எங்கேயாவது ஒரு இடத்தில், உதட்டின் ஓரத்திலோ காதின் மடிப்பிலோ, அச்சு அசலாக ஒரு வளைவு விழுந்திருக்கும். அதை அவனுக்குக் காட்டுங்கள். ஓவியக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சிதான் இது என்பதையும் சொல்லுங்கள், ஒன்பது வயதுப் பையனுக்கு அது முக்கியம்.

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. களிமண் மேசைக்குப் போனால் ஒரு மணி நேரமும் பிசைந்துகொண்டே இருக்கிறான், எதையும் செய்து முடிப்பதில்லை. ஒருமுறை நானே உதவி செய்து கைப்பிடி வைத்த கோப்பை ஒன்று செய்தோம். வீட்டுக்குக் கொண்டுவந்து மின்விசிறிக்கு அடியில் காய வைத்தேன். மறுநாள் கைப்பிடி தனியாக விழுந்துவிட்டது. அழுதுவிட்டான். மண்ணில் குறையா, எங்கள் கையில் குறையா?

பதில்: மின்விசிறியில்தான் குறை. ஈரமான களிமண் காயும்போது சுருங்கும். கைப்பிடி மெல்லியது, நாலாபுறமும் காற்றுப் படுவது. அது முதலில் காய்ந்து சுருங்கிவிடுகிறது. கோப்பையின் உடம்பு தடிமன், உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. ஒன்று இழுக்க, மற்றது அசையாமல் நிற்க, ஒட்டிய இடத்தில் விரிசல் விடுகிறது. அடுத்த முறை ஒட்ட வேண்டிய இரண்டு பக்கத்தையும் முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்கும் கீறுங்கள். அதே களிமண்ணைத் தண்ணீரில் கூழாகக் கரைத்து அந்தக் கீறலில் தடவி, அழுத்தி ஒட்டுங்கள். வெறும் தண்ணீர் தொட்டு ஒட்டினால் நிற்காது. பிறகு பிளாஸ்டிக் தாளால் தளர்வாக மூடி, நிழலில், நாலைந்து நாள் மெதுவாகக் காய விடுங்கள். சுவர் எங்கேயும் உங்கள் சுண்டுவிரல் தடிமனுக்கு மேல் போக வேண்டாம். மையத்தில் சூளை இருந்து சுட்டுத் தருவதாக இருந்தால் இது இன்னும் முக்கியம். உள்ளே தங்கிய ஈரம் சூட்டில் நீராவியாகி, வெளியேற வழியில்லாமல் பொருளையே வெடிக்க வைத்துவிடும். பக்கத்தில் இருக்கும் மற்ற பிள்ளைகளின் பொருளும் அதோடு போகும்.

இனி பிசைவதைப் பற்றி. குயவர் சக்கரத்தின் முன் உட்காருவதற்கு முன்னால் செய்வதும் அதுதானே? மண்ணில் உள்ள காற்றுக் குமிழ் போக, ஈரம் எல்லா இடத்திலும் ஒன்றுபோலப் பரவ, பிசைந்து பிசைந்து எடுப்பார்கள். உங்கள் மகனின் கையை ஒருநாள் உற்றுப் பாருங்கள். கட்டைவிரலை உள்ளே விட்டுக் குழி பறிப்பான், விளிம்பைக் கிள்ளி உயர்த்துவான், உள்ளங்கையால் ஓங்கித் தட்டி எல்லாவற்றையும் கலைப்பான், மறுபடி ஆரம்பிப்பான். எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு நகரும், எவ்வளவு மெலிந்தால் கிழியும் என்று விரல் கற்றுக்கொள்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோகும் கோப்பை உங்களுக்கு வேண்டியிருக்கிறது, அவனுக்கு அல்ல. உங்களுக்கு ஆசை இருந்தால் தனியாக ஒரு கட்டி மண் வாங்கி, உங்கள் கோப்பையை நீங்கள் செய்யுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து செய்பவரின் கையைப் பார்த்துத்தான் பிள்ளை அடுத்த படிக்கு வரும்.

கேள்வி: நாங்கள் சில பேர் சேர்ந்து எங்கள் மையத்தில் மாதம் ஒரு ஞாயிறு குடும்ப நிகழ்ச்சி தொடங்கப்போகிறோம். கைக்குழந்தை முதல் தாத்தா வரை வருவார்கள். எல்லாருக்கும் ஒரே வேலை எப்படிக் கொடுப்பது? எதை வைத்துத் தொடங்கலாம்?

பதில்: இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெயில் உள்ள நாளாக இருந்தால் நீல அச்சிலிருந்து தொடங்குங்கள். ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1842-இல் கண்டுபிடித்த முறை இது. கட்டட வரைபடங்களை 'புளூ பிரின்ட்' என்று சொல்கிறோமே, அது இதிலிருந்து வந்ததுதான். அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் கடற்பாசிகளை இப்படி அச்செடுத்துப் புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். கேமராவே தேவையில்லாத புகைப்படம் என்று சொல்லலாம். இரண்டு இரும்பு உப்புகளைக் கரைத்துத் தாளில் பூசி இருட்டில் உலர்த்த வேண்டும். அதை முதல் நாளே பெரியவர்கள் கையுறை போட்டுக்கொண்டு முடித்துவிடுங்கள், பிள்ளைகள் ரசாயனத்தைத் தொட வேண்டாம். பூசி உலர்ந்த தாளே கடைகளில் கிடைக்கிறது, அதுவும் போதும்.

ஞாயிறன்று குடும்பங்கள் செய்ய வேண்டியது எளிது. ஒரு இலை, ஒரு இறகு, ஒரு சாவி, எது வேண்டுமானாலும் தாளின் மேல் வைக்கலாம். இலை என்றால் மேலே ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து அசையாமல் அழுத்திவிடுங்கள். அப்படியே வெயிலில் நீட்டுங்கள். மஞ்சள் கலந்த பச்சையாக இருந்த தாள் கண் முன்னாலேயே மாறத் தொடங்கி, சில நிமிஷத்தில் சாம்பல் பூத்த ஒரு மங்கல் நிறத்துக்கு வரும். மேகம் மூடினால் இன்னும் நேரம் பிடிக்கும். எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு அலச வேண்டும். வெயில் படாத இடத்தில் இருந்த பூச்சு கரைந்து வெள்ளையாகிவிடும், வெயில் பட்ட இடம் நீலமாகும். காயக் காய அந்த நீலம் இன்னும் அழுத்தமாகும். கூட்டம் முழுக்கத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித்தான் இருக்கும், தொட்டியை அகலமாக வையுங்கள். ஒரு வயதுக் குழந்தைக்கும் எண்பது வயதுப் பெரியவருக்கும் இதில் வேலை ஒன்றேதான். வரையத் தெரியுமா என்ற கேள்வியே எழாது. முதல் நிகழ்ச்சிக்கு இதை நான் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

மழைக்காலம் என்றால் இலை அச்சு, அட்டையைக் கீறி மை தடவி எடுக்கும் அச்சு, வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கு வைத்து நிழல் பொம்மை. அச்சில் எழுத்து எழுதினால் இடம் வலமாக மாறும் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கட்டும், முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். முடித்த மாதிரியை மேசையில் வைக்காதீர்கள். வைத்தால் பிள்ளை அதைப் பார்த்து அப்படியே செய்ய முயலும். அதைவிட வேகமாக அப்பா, அம்மா பிள்ளையின் கையைப் பிடித்து அப்படியே செய்ய வைப்பார்கள். பொருள்களை மட்டும் பரப்பி வையுங்கள். ஒரு கருவியை எப்படிப் பிடிப்பது என்று ஒருவர் ஐந்து நிமிஷம் செய்து காட்டினால் போதும். செய்து காட்டியதை அங்கேயே கலைத்துவிடுங்கள்.

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் விக்டர் டமிகோ என்ற கல்வியாளர் 1942-இல் குழந்தைகளுக்கான கலைத் திருவிழா ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில், 1960களில், அது இந்தியாவுக்கும் வந்தது. அதில் பிள்ளைகள் மட்டும்தான் உள்ளே போகலாம், பெற்றோருக்கு அனுமதி கிடையாது. பெரியவர் கை படாமல் பிள்ளையின் வேலை பிள்ளையுடையதாகவே இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் அதற்காகப் பெற்றோரை வெளியே நிறுத்த எனக்கு மனம் வராது. அவர்களுக்கும் வேலை கொடுங்கள். வாசலில் ஆளுக்கொரு தாள் என்று எண்ணிக் கொடுங்கள், "இது உங்களுடையது, குழந்தைக்கு வேறு கொடுத்திருக்கிறோம்" என்று சொல்லியே கொடுங்கள். தன் தாளில் மூழ்கிய அப்பாவுக்குப் பிள்ளையின் தாளைத் திருத்த நேரம் இருக்காது.

மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொடங்கும் நேரம் ஒன்று, முடியும் நேரம் ஒன்று என்று கட்டிப்போடாமல், இரண்டு மணி நேரத்துக்குள் எப்போதும் வரலாம், போகலாம் என்று வையுங்கள், சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் கடிகாரம் சொன்னபடி நடக்காது. தரையில் ஒரு விரிப்பு, தாழ்ந்த மேசை ஒன்று, சக்கர நாற்காலி உள்ளே நுழையும் உயரத்தில் ஒரு மேசை. கை கழுவும் இடம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பெயரைத் தாளின் பின்பக்கம் பென்சிலால் முதலிலேயே எழுத வைத்துவிடுங்கள், ஈரத் தாளில் பிறகு எழுத முடியாது. காயப் போடக் கயிறும் கவ்வியும் நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு தேவைப்படும். பிள்ளைகளைப் படம் எடுத்துப் போடுவதற்கு முன் பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பறை, செண்டை போன்ற தாள வாத்தியப் பயிலரங்கு என்றால் என் மகள் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். ஐந்து வயது. பழக்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள். கட்டாயப்படுத்தலாமா?

பதில்: கூடாது. சில பிள்ளைகளுக்கு ஒலி நம்மைவிடக் கூர்மையாகக் கேட்கும், உடம்பு வலிப்பதைப் போலவே அவர்களுக்கு அது. மூடிய அறைக்குள் பல தோல் கருவிகள் ஒன்றாக முழங்கினால் பெரியவர் காதுக்கே அது அதிகம். நிகழ்ச்சி தொடங்குவதற்குக் கால் மணி முன்னதாகப் போங்கள். கலைஞரிடம் கேட்டு, ஒரே ஒரு கருவியை மெல்ல விரலால் தட்டச் சொல்லி, மகளின் கையைத் தோலின் ஓரத்தில் வைக்கச் சொல்லுங்கள். அந்த அதிர்வு உள்ளங்கைக்குள் ஏறுவதை உணர்ந்த பிள்ளை, அது எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்கும். பிறகு காதை மூடும் ஹெட்போன் போட்டு, கதவோரமாக, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்று சொல்லி உட்கார வையுங்கள். சில நாடுகளின் அரங்குகளில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே ஒலியைக் குறைத்து, விளக்கை முழுவதும் அணைக்காமல், நடுவில் எழுந்து நடக்க அனுமதித்துத் தனிக் காட்சிகள் நடத்துகிறார்கள். உங்கள் மையத்திலும் கேளுங்கள். கேட்பவர் ஒருவர் இருந்தால்தான் செய்வார்கள்.

கேள்வி: மூன்று வயதுப் பேரன் எதையும் வாயில் வைக்கிறான். வண்ணம் எது பாதுகாப்பு?

பதில்: குழந்தைகளுக்கென்றே தயாரித்த, நச்சற்றது என்று அட்டையில் அச்சிட்ட, தண்ணீரில் கழுவினால் போகும் வண்ணம். வீட்டில் யாரோ ஓவியர் வைத்திருக்கும் குழாய் வண்ணம் வேண்டவே வேண்டாம், சிலவற்றில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் உண்டு. உப்பும் மாவும் பிசைந்த மாவு வீட்டுப் பொருள்தானே என்று விட்டுவிடாதீர்கள், அதில் உள்ள உப்பு, ஒரு குழந்தை நிறையத் தின்றுவிட்டால் ஆபத்தான அளவு. மணி, பொத்தான், உடைந்த பலூன் இவை இருக்கும் மேசைக்கு அவனைக் கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி: எங்கள் மையத்தில் ஞாயிறு நிகழ்ச்சியின் முடிவில் போட்டி வைத்து முதல் மூன்று பேருக்குப் பரிசு தருகிறார்கள். ஊக்கம்தானே?

பதில்: எனக்கு உடன்பாடு இல்லை. மூன்று பேருக்கு ஊக்கம், மற்ற அத்தனை பேருக்கும் 'நமக்கு இது வராது' என்ற தீர்ப்பு. அதுவும் தீர்ப்பு சொல்பவர் பெரியவர், எனவே பெரியவர் கை உதவிய படம்தான் ஜெயிக்கும். அந்த வாரத்திலிருந்தே பெற்றோர் பிள்ளையின் தோளுக்கு மேல் குனிய ஆரம்பித்துவிடுவார்கள். பரிசுக்கான செலவில் நல்ல கனமான தாள் வாங்கச் சொல்லுங்கள். எல்லாப் படத்தையும் பிள்ளைகளின் கண் மட்டத்தில் கயிற்றில் கட்டி, அரை மணி நேரம் எல்லாரும் நடந்து பார்க்கட்டும்.

கேள்வி: டீச்சர், எனக்கு எழுபத்திரண்டு வயது. பேத்தியைக் கூட்டிப் போகும் பொறுப்பு என்னுடையது. கை நடுங்குகிறது. அதனால் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் என்ன செய்ய முடியும்?

பதில்: ஐயா, அந்தச் செய்தித்தாளையே கொண்டுவந்து மேசையில் போடுங்கள். கத்தரி வேண்டாம், கையால் கிழியுங்கள். தாளை ஒரு திசையில் கிழித்தால் நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் கோணல் மாணலாகப் போகும். பேத்திக்கு இதைக் காட்டுங்கள், ஆச்சரியப்படுவாள். கோணலாகக் கிழிந்தவை மலையாகட்டும், நேராகக் கிழிந்தவை மரமாகட்டும். நீங்கள் கிழித்துக் கொடுங்கள், அவள் ஒட்டட்டும். பிறகு மாற்றிச் செய்யுங்கள். தடித்த மைப் பேனாவோ தூரிகையோ எடுத்தால் நடுக்கமும் கோட்டோடு சேர்ந்து தாளில் விழும். தண்ணீர் அலையும் மரத்தின் பட்டையும் வரைய அப்படிப்பட்ட கோடுதான் வேண்டும், நாங்கள் மாணவர்களுக்கு அதை வரவழைக்கப் பாடுபடுகிறோம். உட்காரும்போது முழங்கை இரண்டும் மேசையில் ஊன்றும் உயரத்தில் நாற்காலியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தோள் வலிக்காது.